கல்யாண்ஜியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்ணதாசன் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அவரைச் சிறுகதைக்காரராக மட்டுமே காட்டிவிட்டீர்கள். கல்யாண்ஜி என்ற பெயரில் அவர் எழுதிய ‘புலரி’ முதலான கவிதைத் தொகுப்புகளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். வாசல் தெளிப்பதையும் பூக்கட்டுவதையும் கதையிலும் கவிதையிலும் ஒரே நிதானத்தோடு பார்க்கிறவர் அவர். வங்கி வேலைக்கு நடுவேதான் இவ்வளவும் எழுதினார் என்பதும் விடுபட்டிருக்கிறது. தந்தை தி.க.சி.க்கு 2000இல் சாகித்ய அகாதெமி விருது; மகனுக்கு 2016இல், ‘ஒரு சிறு இசை’க்காக. திருநெல்வேலியில் ஒரே வீட்டுக்கு இரண்டு விருது, சும்மாவா! இளம் எழுத்தாளர்களைத் தேடித்தேடி அஞ்சலட்டை போட்டவர் தி.க.சி. மகனின் கடிதங்களோ ‘எல்லோருக்கும் அன்புடன்’ என்று நூலாகவே வந்துவிட்டன. அடுத்த இதழில் கல்யாண்ஜிக்கென்று தனிக் கட்டுரை போடுங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை