பெருவெடிப்பும் ஐந்தொழிலும்

சைவ மேடைகளில் இக்காலத்து ஒரு புதுவழக்கம் வேரூன்றி வருகின்றது. உலகத் தோற்றத்தைப் பற்றி மேனாட்டார் ஆராய்ந்து வெளியிடும் முடிபு ஒவ்வொன்றும் முன்னரே ஆகமங்களிலும் திருமுறைகளிலும் கூறப்பட்டுள்ளது என்று சொல்லிக் கைதட்டுப் பெறுதலே அவ்வழக்கம். பெருவெடிப்பு என்பது நாதத் தோற்றமாம். டார்வின் கொள்கை திருவாசகத்தில் உளதாம். அணுவின் அசைவே ஆனந்தக் கூத்தாம். கேட்போர் மகிழ்கின்றனர், பேசுவோர் மாலை பெறுகின்றனர். இதனாற் சைவத்திற்கு ஆக்கமுண்டு எனக் கருதுவார் பலர். ஆக்கமன்று, கேடே விளையும் என்பதும், அக்கேடு புறத்தார் செய்யும் நிந்தையினும் கொடிது என்பதும் ஈண்டு ஆராய்ந்து காட்டப்படும்.

ஸ்விட்சர்லாந்து தேசத்தில் ஜெனீவா நகருக்கு அணித்தாயுள்ள ஸெர்ன் என்னும் அணுவாராய்ச்சி நிலையத்தில், 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள், கூத்தப்பெருமானது திருவுருவம் ஒன்று நிறுவப்பெற்றது. இந்திய அரசாங்கத்தார் அளித்த நன்கொடை அது. காப்ரா என்னும் பௌதிக ஆசிரியர் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் அணுத்துகள்களின் இயக்கத்தைச் சிவபெருமானது கூத்தோடு ஒப்பிட்டிருந்தார். அவர் வாசகமே ஆண்டு ஓரமாகப் பொறிக்கப்பட்டது. காப்ராவுக்கு வழிகாட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. குமாரசுவாமியின் கட்டுரையோ 1912-ஆம் ஆண்டு 'சித்தாந்த தீபிகை' என்னும் சைவ வெளியீட்டில் முதற்கண் வந்தது. 1918-இல் நூலுள் இடம்பெற்றது. அவர் தமக்கு ஆதாரமாகக் கொண்டவற்றுள் உண்மைவிளக்கமும் ஒன்று. ஆகவே தமிழ்நாட்டுச் சாத்திரப் பொருளே பல கைமாறி ஜெனீவா சென்று சேர்ந்தது என்பது மெய்யே. கைமாறிய வழியில் அப்பொருள் யாது இழந்தது என்பதே இங்குக் கேட்கற்பாலது.

மனவாசகங்கடந்தார் உண்மைவிளக்கத்தில் ஐந்தொழிலையும் கூத்தின் உறுப்புக்களில் வைத்துக் காட்டினார். உடுக்கை படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீயேந்திய கரம் அழித்தலையும் உணர்த்தும். எஞ்சிய இரண்டும் திருவடிகளில் உள்ளன: ஊன்றியது மறைத்தல், எடுத்தது அருளல். காப்ராவும் அவர்வழிச் செல்வாரும் கண்டன உடுக்கையும் தீயுமே. துகள்கள் தோன்றி அழிந்து மீளத் தோன்றுதலைக் கூத்து என்றனர். ஊன்றிய திருவடி யார் பொருட்டு மறைக்கின்றது, எடுத்த திருவடி யார்க்கு நிழலாகின்றது என்னும் வினா அவர்க்கு எழுந்திலது. எழாமை அவர் குற்றமன்று. அவர் ஆராயும் துறையில் உயிர் என்னும் பொருளுக்கு இடமே இல்லை. அவர் கூறியதே ஐந்தொழில் எனச் சைவர் கொள்ளுதலே குற்றம். திருவடி இரண்டையும் விட்டுக் கைகளை மாத்திரம் கொண்டாடுவார் கூத்தனை வழிபட்டார் ஆவரோ?

சித்தாந்தம் உலகத் தோற்றத்தை எடுத்துக்கொண்டது, உலகம் எத்துணை யாண்டிற்கு முன் எவ்வாறு விரிந்தது என்று கணக்குரைத்தற் பொருட்டன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில் நிறுவியன சில. காணப்படும் உலகு தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது; ஆகலின் அது செய்வோனை உடையது. எதன்கண் ஒடுங்கியதோ அதனினின்றே மீளத் தோன்றவேண்டுதலின், ஒடுக்குவோனே முதற்கடவுள். மீளத் தோன்றவேண்டுவது ஏன் எனின், உயிர்களைப் பற்றிய மலம் இன்னும் தீராமையின். இதுவே அச்சூத்திரத்தின் உயிர்நிலை. பன்னிரண்டு சூத்திரங்களுள் ஓரிடத்தும் ஆண்டுக்கணக்கு இல்லை. ஆணவத்தாற் கட்டுண்டு அறிவு விளங்காது கிடந்த உயிர்க்கு மாயையினின்றும் தநு கரண புவன போகங்களை ஆக்கிக் கொடுத்தலே படைப்பு. பிறந்தும் இறந்தும் எய்த்த உயிரை இளைப்பாற்றுதலே சங்காரம். உயிரை நீக்கிவிட்டாற் படைப்பு என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

நாதமே பெருவெடிப்பு என்பாரை முதலில் நோக்குவாம் எனின், அவர் சொல்லால் மயங்கினர் என்பது விளங்கும். அண்டம் விரிகின்றது என்னும் கருத்தை 1927-இல் வெளியிட்டு, அது முதலணு ஒன்றினின்றும் விரிந்தது என்று 1931-இல் எழுதியவர் பெல்ஜியம் தேசத்து ஜார்ஜ் லெமேத்தர். அக்கொள்கைக்குப் பெருவெடிப்பு என்னும் பெயரிட்டவரோ, அதனை மறுத்துவந்த பிரட் ஹாயில். 1949-இல் லண்டன் வானொலியிற் பேசுங்கால் அச்சொல்லை வழங்கினார். ஒரு குண்டு வெடித்தாற் போன்ற ஓசை எதுவும் அக்கொள்கையில் இல்லை; வெளியே விரிந்தது என்பதுதான் அதன் பொருள். எதிரி இட்ட பெயரிலுள்ள வெடியோசையைக் கேட்டு, 'இதோ பிரணவம்' என்று கைகூப்புவாரை என்னென்பது! நாதம் செவிக்குப் புலனாம் ஓசையன்று. சுத்தமாயையின் முதல் விருத்தி. முப்பத்தாறு தத்துவங்களுள் அது தலையில் நிற்பது. பௌதிக நூலார் ஆராயும் துகளும் ஆற்றலும் வெளியுமோ ஈற்றில் நிற்கும் ஐம்பூதங்களுள் அடங்குவன. காலத்தையும் கூட்டின் ஆறாகும். மனமும் புத்தியும் அகங்காரமுமே அவர்தம் அளவுகோலுக்கு அகப்படாதிருக்க, அவற்றிற்கும் அப்பாலுள்ள நாதத்தை ஸெர்ன் நிலையத்தார் கண்டனர் என்பது, கடற்கரையில் நின்றான் ஒருவன் கணுக்கால் நனைந்தமை கொண்டு கடலடி கண்டான் என்பது போலும்.

லெமேத்தர் கத்தோலிக்க குருவானவர். 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ஆம் நாள் பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப்பாண்டவர், அண்டம் விரியுமென்ற ஆராய்ச்சி கடவுள் படைப்பிற்குச் சான்று பகர்கின்றது எனும் கருத்துப்படப் பேசினார். தம் மதத் தலைவரே தம் கொள்கையைப் புகழ்ந்தபோது லெமேத்தர் மகிழ்ந்தாரல்லர். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து நடந்த சால்வே மகாநாட்டிலும், அக்கொள்கை தத்துவ வினாவுக்கும் சமய வினாவுக்கும் புறம்பானது என்றே வற்புறுத்தினார். அந்தப் பாதிரியாருக்கு இருந்த எச்சரிக்கை சைவ மேடைகளில் இல்லாதொழிந்தமை இரங்கத்தக்கது. 1948-இல் ஹாயில், பாண்டி, கோல்டு என்னும் மூவர், அண்டத்திற்குத் தொடக்கமில்லை, அது என்றும் ஒரு தன்மையது என்னும் கொள்கையை வெளியிட்டனர். அன்று ஒரு சைவர் எழுந்து, 'மாயை அநாதி என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது' என்று முழங்கியிருப்பின், 1965-இல் அண்டமெங்கும் பரந்த பழைய வெப்பக்கதிரைப் பென்ஸியாஸ், வில்ஸன் என்பார் கண்டு அறிவித்தபோது அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வர்? விஞ்ஞானம் தன் முடிபை மாற்றிக்கொள்ளுதல் அதற்கு இழுக்கன்று. அதுவே அதன் முறை. மாறுவதனைத் தூணாக நட்டு மாறாததனை அதன்மேல் ஏற்றுதல் சைவர்க்கு இழுக்கு.

அற்றேல், பெருவெடிப்பு ஆராய்ச்சியாற் சித்தாந்திக்குப் பயன் சிறிதும் இல்லையோ எனின், சிறிது உண்டு. உலகத்தின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றி அழியுமாயினும் உலகு முழுவதும் என்றும் இவ்வாறே உள்ளது என்று வாதிக்கும் மீமாஞ்சகன், இப்பொழுது காணப்படும் பேரண்டம் ஒருகால் இந்நிலையில் இல்லை என்பதற்கு விடை தேடவேண்டும். இவ்வளவே அதனாற் பெறும் துணை. அத்துணை நாளை ஒழியினும் சூத்திரத்தின் அனுமானம் தன் காலில் நிற்கும்.

கணக்கு வல்லார் சிலர் வேறோர் அற்புதம் காட்டுவர். பிரமனது ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயதோ ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. எனவே முன்னோர் அறிந்திருந்தனர் என்பர். இடைப்பட்ட 22 கோடி ஆண்டைச் சில்லறையாகத் தள்ளும் இவர் தாராளம் வியக்கத்தக்கது. கற்பமாவது பூமியின் வயதென்று எந்நூலுங் கூறவில்லை. அண்டத்தின் வயதென்று கொள்ளின், அது 1380 கோடி என்று கணிக்கப்பட்டுள்ளமையின் மும்மடங்கும் கடந்து போகின்றது. எண் ஒத்த இடத்தைக் காட்டி ஒவ்வாத இடத்தை மறைப்பது சோதிடக்காரன் செய்கை.

இனித் திருவாசகம். சிவபுராணத்தில் மணிவாசகப் பெருமான் பல்வகைப் பிறவிகளை அடுக்கிக் கூறும் பகுதியை, 1859-இல் டார்வின் வெளியிட்ட கொள்கைக்கு முன்னோடி என்பர். அடிகள் வைத்த முறையை இவர்கள் ஒருமுறையேனும் நோக்கினரா? ஆண்டுப் புழுவின்பின் மரம் வருகின்றது. பறவையின்பின் பாம்பும், பாம்பின்பின் கல்லும் வருகின்றன. மனிதரோடு நில்லாது பேயும் தேவரும் தொடர்கின்றனர். இது டார்வின் வரிசையாகாது. ஆகவேண்டுவதும் இல்லை. டார்வின் கூறியது உடல்களின் மரபு. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடல் தலைமுறை தலைமுறையாய்த் திரிந்து வருதல். அடிகள் கூறியது ஓர் உயிரின் வழிநடை. வினைக்கீடாக உடல்தோறும் புகுந்து, எல்லாப் பிறப்பும் பிறந்து களைத்தேன் என்னும் அழுகை. களைப்பால் எழுந்த அவ்வழுகையை வளர்ச்சியின் பெருமிதமாக மாற்றி மேடையிற் கூறுவார், டார்வினையும் அறிந்திலர், அடிகளையும் அறிந்திலர். உடல் உடலினின்று திரிந்து வந்தது என்பதாற் சித்தாந்தத்திற்குக் குறை யாதும் இல்லை. உடல் மாயையின் காரியம் என்பதே அதன் துணிபு.

வேறொரு தடையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நால்வகைத் தோற்றத்துள் சுவேதசம் என ஒன்று நூல்களிற் பேசப்படும். வியர்வையினின்றும் புழு முதலியன தோன்றும் என்பது. 1668-இல் இத்தாலி தேசத்து ரெடி என்பார், ஈ புகாது மூடிய பாத்திரத்து இறைச்சியிற் புழு தோன்றாமையைக் காட்டினார். 1859 முதல் 1862 வரை பாஸ்டர் செய்த சோதனைகள், நுண்ணுயிரும் நுண்ணுயிரினின்றே வருதலை நிறுவின. இதற்கு வலிந்து பொருள் கூறி இடர்ப்படுவார் உளர். வேண்டா. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் சுபக்கத்தை அளவையினின்று தொடங்கியது காரணம் பற்றியே. காட்சிக்குரிய பொருளைக் காட்சியே துணியும். கருதலுக்குரியதைக் கருதல் துணியும். இவ்விரண்டும் எட்டாததன்கண்ணே உரையளவை தலைமை பெறும். புழு எங்குப் பிறக்கும் என்பது காட்சிக்குரியது. அந்நாளில் உலகத்தார் எல்லாரும் கொண்டிருந்ததை நூல் எடுத்து மொழிந்தது அநுவாதமே, விதியன்று. அதனை விடுதலாற் சித்தாந்தத்தின் ஒரு செங்கல்லும் பெயராது.

இவ்வாறு சைவர் புகழ்மாலை தொடுத்துக் கொண்டிருக்க, உண்மை எதிரிகள் விடைபெறாமலே நிற்கின்றனர். அவருள் முதல்வன் உலகாயதன். சித்தியார் பரபக்கத்தில் முதலில் நின்றவனும் அவனே. 1953-இல் ஸ்டான்லி மில்லர் என்பார் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி என்பவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி செலுத்தி, உடற்புரதத்திற்கு உறுப்பாகும் அமினோ அமிலங்கள் சில உண்டாதலைக் கண்டார். இதனைக் காட்டி, 'சடத்தினின்று உயிர் தோன்றும் வழி வெளியாயிற்று' என்று இக்கால உலகாயதர் கூறுவர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழிச் செந்நிறம் பிறத்தல் போல அறிவு பிறக்கும் என்ற பழைய உவமையே கண்ணாடிக் கலத்துள் மீள வந்துள்ளது. சடத்தினின்று உடல் ஆம் என்பதனைச் சித்தாந்தி மறுப்பவன் அல்லன். அஃது அவன் கொள்கையே. புத்தியும் மனமுமே சடம் என்று சொல்லுமளவுக்கு அவன் உலகாயதனையும் கடந்து சென்றவன். செந்நிறம் தன்னைச் செந்நிறம் என்று அறியாது. அதனைக் காண்பான் வேறொருவன். மில்லர் கலத்திலே அமிலம் தோன்றிற்று; அமிலம் தோன்றிற்றென்று அறிந்தவர் கலத்தின் புறத்தே நின்றார். அவ்வறிவு எதனினின்று வந்தது என்பதே வழக்கு. அவ்வழக்கிற்குக் கலம் சாட்சியாகாது.

மற்றை எதிரி அசற்காரியவாதி. இவன் இரு வேடத்தில் வருகின்றான். வெறும் பாழினின்றும் ஆண்டவன் ஒரு காலத்து உலகைப் படைத்தான் என்று கூறி, அக்காலத்தைக் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4004-ஆம் ஆண்டு என்றும் கணித்த அஷர் பாதிரியார் மரபு ஒன்று. 2012-ஆம் ஆண்டில் லாரன்ஸ் கிராஸ் என்னும் பௌதிகர் இன்மையினின்றே அண்டம் உண்டாயிற்று என்று எழுதிய நூல் மற்றொன்று. ஒருவர் ஆண்டவனை வைத்து மாயையை மறுத்தார். மற்றவர் இரண்டையும் மறுத்தார். இல்லது தோன்றும் என்பதில் இருவரும் உடன்பிறந்தார். கிராஸ் கூறும் இன்மையை உற்று நோக்கின், முதலில் அது வெறுவெளி. பின்னர் வெளியும் இல்லாத நிலை. ஆயினும் அந்நிலையினின்றும் வெளியைத் தோற்றுவிக்கும் பௌதிக விதிகள் இருந்தே தீர்கின்றன. இருப்பதற்கு இன்மை எனப் பெயரிட்டமையால் அஃது இல்லதாகிவிடாது. சூக்குமமாய் நின்ற காரணம் என்று சொல்லக் கூசி வேறு பெயர் வைத்தார். பாதிரியாரை நோக்கிக் கேட்கவேண்டுவதோ வேறு: பாழினின்று ஒருமுறையே படைக்கப்பட்ட உயிர்களுள், ஒன்று குருடாயும் ஒன்று அரசனாயும் பிறந்தமைக்குக் காரணம் வினை அன்றெனின், படைத்தவன் ஓரவஞ்சனை யன்றி வேறு யாது?

நாவலர் பெருமான் 1854-ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரம் எழுதி வெளியிட்டபோது, எதிரியின் நூலைக் கற்று எதிரியின் நிலத்திலேயே நின்று விடையிறுத்தார். கிராஸ் எழுதியதற்கும் மில்லர் கண்டதற்கும் அங்ஙனம் சூத்திரம் கொண்டு விடையிறுக்கத்தக்க வகுப்பு எத்துணைச் சைவ மன்றங்களில் நடைபெறுகின்றது? கல்லூரியிற் பௌதிகம் பயின்று வந்து வினவும் சைவ இளைஞனுக்கு ஜெனீவாவிலுள்ள திருவுருவத்தின் படமே விடையாகக் காட்டப்படுகின்றது. அவன் அதனை வாங்கிப் பார்க்கின்றான். தன் வினாவைத் தன்னுடனே கொண்டு செல்கின்றான்.