லாரியின் இடப்பக்கக் கண்ணாடி

என் மைத்துனர் மகன் லாரி டிரைவர். தம்மம்பட்டியில் வீடு, வாசமெல்லாம் சாலையில். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போவான். சென்ற ஆடியில் ராசிபுரம் பக்கம் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது, புளியமரக் கிளை இடித்து இடப்பக்கக் கதவுக் கண்ணாடி போய்விட்டது. கேபின் முழுக்கக் கல்கண்டைக் கொட்டினாற்போல் சில்லுகள். கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்குக் கீறல்கூட இல்லை. சட்டையை உதறிக்கொண்டு இறங்கினானாம்.

லாரி உரிமையாளர், "கவனக்குறைவு உன்னுது, பேட்டாவுல பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பையன் என்னிடம் வந்தான். "ஏனுங்க மாமா, நாமக்கல்ல கம்பெனிக் கண்ணாடி போட்டா இந்த நடை பேட்டாவே போயிருமுங்க."

வாழ்நாளெல்லாம் மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததை டிக் அடித்துப் பழகிய குமாஸ்தா நான். "எதுக்கு மாப்ளே நாமக்கல்? அட்டையில அளவெடுத்துட்டு வா, இங்கேயே கண்ணாடிக் கடையில அறுத்துக் கொடுப்பாங்க. பாதி விலைகூட ஆகாது" என்றேன். அவன் அப்படியே செய்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இருபது நாள் போயிருக்கும். கிளீனர் பையன் கதவை ஓங்கிச் சாத்தியிருக்கிறான். கண்ணாடி இரண்டாகப் பிளந்து, மேல்துண்டு அரிவாள்போல் இறங்கி முன்கையைக் கிழித்துவிட்டது. பதினாலு தையல். இரண்டு மாதம் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகவில்லை. அந்தக் கட்டைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காக விசாரித்தேன். முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும்.

லாரியின் பக்கக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. மெக்கானிக்குகள் டஃபன் என்பார்கள். புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் 'வெர் த்ராம்பே' என்றொரு சொல் உண்டு, தோய்த்த கண்ணாடி என்று பொருள். நம் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்க்கிறாரே, அந்தத் தோய்ச்சல்தான். இங்கே தண்ணீருக்குப் பதில் காற்று. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றைப் பீய்ச்சுவார்கள். மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே பிறகு சுருங்கும். அதனால் மேல்தோல் எப்போதும் நெருக்கப்பட்டே இருக்கும். சாதாரணக் கண்ணாடியைப்போல் நாலைந்து மடங்கு உறுதி. உடைந்தாலோ, உள்ளே அடக்கிவைத்த விசையெல்லாம் ஒரே நொடியில் வெளிப்பட்டு, முழுவதும் மழுங்கிய சிறு சில்லுகளாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி வேறு ரகம். இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதற்கு 1909-ல் காப்புரிமை வாங்கியவர் பெனெதிக்துய்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். (பிரெஞ்சுப் பெருமை இத்துடன் போதும்.)

இதில் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டஃபன் கண்ணாடியைத் தயாரான பிறகு அறுக்கவே முடியாது, கீறினால் தூளாகிவிடும். அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, அப்புறம்தான் உலையில் வைப்பார்கள். ஆகவே கடைக்காரர் உங்கள் கண்ணெதிரே வைரமுனையால் அறுத்துக் கொடுத்தாரானால், அது பாதுகாப்புக் கண்ணாடி இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நான் அந்தக் கடையில் நின்று, என்ன நேர்த்தியாக அறுக்கிறார் என்று வேடிக்கை பார்த்தவன்.

முன்பெல்லாம் சேஸிஸ் மட்டும் வரும், நாமக்கல் பட்டறைகளில் ஆசாரிகள் மரத்தில் கேபின் கட்டுவார்கள், கண்ணாடியும் அங்கேயே பொருந்தும். இன்று கம்பெனிக் கேபின். மாடலைச் சொன்னால் அதற்கென்றே உள்ள கண்ணாடி நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கிடைக்கிறது. ஓரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாட்டும்போதும் அவசரம் கூடாது. கதவின் உள்தகட்டைக் கழற்றி, அடியில் விழுந்து கிடக்கும் பழைய சில்லுகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். விட்டால் கடகடவென்று சத்தம் மட்டுமல்ல, தண்ணீர் வடியும் துளை அடைத்துக் கதவே துருப்பிடிக்கும். கண்ணாடி ஓடுகிற ரப்பர் சேனல் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. அதைக் கஞ்சத்தனம் பண்ணினால் புதுக் கண்ணாடியும் ஆடி ஆடி உடையும்.

சிலர் கண்ணாடியே போடாமல் அட்டையோ தார்ப்பாயோ கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் வருகிற மொபெட்டும் சைக்கிளும் அவருக்குத் தெரிவது அந்தக் கதவு வழியாகவும் அதற்கு வெளியே இருக்கிற ரியர்வியூ மிரர் வழியாகவும்தான். அட்டையைக் கட்டினால் இரண்டும் போச்சு. கறுப்புப் பிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமாவது புக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அட்டையில் எத்தனை சதவீதம் புகும்?

ஆனால் டிரைவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? டயர் வெடித்தால் உரிமையாளர் செலவு. பிரேக் லைனிங் தேய்ந்தால் உரிமையாளர் செலவு. கண்ணாடி மட்டும் ஏன் டிரைவர் தலையில்? பேட்டாவில் பிடிப்பேன் என்றால் அவன் அட்டைதான் கட்டுவான். அல்லது என்னைப்போன்ற அறிவாளி மாமாவிடம் யோசனை கேட்பான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு அறிவித்தது. நல்லது. கண்ணாடிக்குப் பணம் தர மனமில்லாத இடத்தில் அந்த ஏ.சி. எந்த ஜன்னல் வழியாகப் போகும் என்பதை உரிமையாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லுக்கு நானும் கூடப் போனேன். முத்திரையைத் தடவிப் பார்த்து வாங்கி, பணத்தை நானே கொடுத்தேன். "எதுக்குங்க மாமா?" என்றான். பதில் சொல்லவில்லை. கிளீனர் பையன் தீபாவளிக்குப் பிறகு வண்டியேறிவிட்டான். கதவை இப்போது மெதுவாகத்தான் சாத்துகிறானாம்.