சட்டம் படித்த பெண்ணுக்குச் சமுதாயம் கூறும் அறிவுரை

கெடா மாநிலத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு பெண் சட்டம் பயிலப் பல்கலைக்கழகம் செல்கிறாள் என்றால், அவளுக்கு முதலில் கிடைப்பது மாலை. அடுத்துக் கிடைப்பது அறிவுரை. மாலை மறுநாளே வாடிவிடும். அறிவுரையோ அவள் பட்டம் பெற்று, கறுப்பு அங்கி அணிந்து, பெயர்ப்பலகை மாட்டிய பின்னரும் ஓய்வதில்லை. கூறுவோர் தீயவரல்லர். பெற்றோர், தாய்மாமன், கோயில் தலைவர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் என எல்லாரும் அவள் நலம் நாடுவோரே. அவர்கள் கூறும் அறிவுரையை அப்படியே பின்பற்றினால் அப்பெண் வழக்கறிஞராக வாழ முடியாது என்பதே இங்குள்ள சிக்கல்.

அந்த அறிவுரைகள் மூன்று வடிவில் வருகின்றன. சட்டத்தை விட்டு ஆசிரியப் பணிக்குப் போ என்பது ஒன்று. வழக்கறிஞராகவே இருந்தாலும் நீதிமன்றம் ஏறாதே, அலுவலகத்தில் அமர்ந்து வீடு, நிலப் பத்திரங்களை மட்டும் பார் என்பது மற்றொன்று. கோலாலம்பூருக்குப் போய்விடு, இங்கே என்ன இருக்கிறது என்பது மூன்றாவது.

முதலாவதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. ஆசிரியப்பணி உயர்ந்ததுதான். ஆனால் சட்டத்தில் நாட்டமுள்ள ஒருத்தியை அரைநாள் வேலையும் பள்ளி விடுமுறையும் காட்டி அங்கே அனுப்புவது ஆசிரியப்பணிக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

இரண்டாவது அறிவுரைக்கு வயது அதிகம். பெண் நீதிமன்றம் ஏறலாகாது என்பதை ஒரு காலத்தில் நீதிமன்றங்களே கூறின. வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கோரிய ரெஜினா குஹாவின் மனுவைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1916-இல் தள்ளுபடி செய்தது. சட்டத்தில் 'ஆள்' என்றிருந்தால் அது ஆணையே குறிக்கும் என்பதே அன்றைய வாதம். அதற்கு முன்பே, 1892-இல், கொர்னேலியா சொராப்ஜி ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதியிருந்தார். அவருக்கு வாசலைத் திறந்தது ஆடவரின் பெருந்தன்மை அன்று, தேவையே ஆகும். திரைக்குப் பின் வாழ்ந்த நிலக்கிழார் வீட்டுப் பெண்கள் தம் சொத்துச் சிக்கல்களை ஆண் வழக்கறிஞரிடம் நேரிற் கூற இயலாதிருந்தனர். கூறக் கேட்பதற்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே இந்தியப் பெண்கள் முறைப்படி வழக்காடும் உரிமை பெற்றனர். திருவிதாங்கூரில் குற்றவியல் வழக்குகளை நடத்திப் புகழ்பெற்ற அன்னா சாண்டி 1937-இல் முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியுமானார். கொலை வழக்கை வாதாடிய அப்பெண்மணியிடம், பத்திரம் எழுதிக்கொண்டு வீட்டோடு இரு என்று கூறியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் இன்று எவருக்கும் தெரியாது.

இந்நாட்டிலும் கதை அதுவே. சித்தி நோர்மா யாக்கோப் 1983-இல் மலேசியாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்தார்; 2007 செப்டம்பரில் புத்ராஜெயாவில் வழக்கறிஞர்கள் நடத்திய பேரணியின் முன்வரிசையில் நடந்தார். தெங்கு மைமுன் 2019-இல் தலைமை நீதிபதிப் பொறுப்பேற்று 2025 வரை அதை வகித்தார். இன்று வழக்கறிஞர் தொகையில் பெண்கள் ஏறக்குறையச் சரிபாதியினர். நாடு இவ்வளவு நடந்துவிட்ட பிறகும் பாடாங் செராயிலும் லூனாசிலும் 'பெண் பிள்ளைக்குக் கோர்ட்டு எதற்கு?' என்ற கேள்வி மட்டும் நகராமல் நிற்கிறது.

பத்திரப்பணி இழிவானதன்று. மாதம் தவறாமல் வருவாய் தருவது அதுவே. கூலிம், சுங்கைப் பட்டாணி போன்ற வளரும் நகரங்களில் வீடமைப்புத் திட்டங்கள் பெருகப் பெருக அதற்கான தேவையும் பெருகும். விரும்பி அதைத் தேர்ந்தெடுப்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. விரும்பாதவரையும் பெண் என்ற ஒரே காரணத்தால் அதற்குள் தள்ளுவதே கண்டிக்கத்தக்கது. ஏனெனில் தள்ளப்படுகிறவளோடு சேர்ந்து இழப்பவர்கள் இன்னும் பலர். அவர்கள் யார் என்பதைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் சற்று நின்று காணவேண்டும்.

கணவனிடம் அடிபட்ட ஒரு தோட்டத்துப் பெண் வழக்கறிஞர் அலுவலகத்திற்கு வருகிறாள் எனக் கொள்வோம். 'அவர் கை நீட்டுவார்' என்கிறாள். தமிழ் அறியாத வழக்கறிஞருக்கு, அரைகுறைத் தமிழ் பேசும் எழுத்தர் ஒருவர் அதைச் சொல்லுக்குச் சொல் மலாயில் வைக்கிறார்: 'ஹுலுர் தாங்கான்'. மலாயில் அதற்குப் பொருள் உதவிக்கரம் நீட்டுதல்! அடித்தவன் உதவியவனாகிவிடுகிறான். இரு மொழியும் உணர்ந்தவர் 'நாயிக் தாங்கான்' என்று சரியாகப் பெயர்ப்பார். ஒரு சொல்லின் இந்த வேறுபாட்டில் ஒரு பாதுகாப்பு ஆணையே தங்கியிருக்கலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு வழி செய்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கவும் வழி செய்தது. சட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் நிற்கும் பெண்ணின் சொல்லைப் புரிந்துகொள்ளும் செவிதான் இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டு என்பர். உண்மைதான். ஆனால் வழக்கு உருவாவது நீதிமன்றத்தில் அன்று. அதற்கு முன்பே, வழக்கறிஞரின் மேசைக்கு எதிரே, தயங்கித் தயங்கிக் கூறப்படும் சொற்களில் அது உருவாகிவிடுகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை.

திருமணச் சிக்கல்கள் இதனினும் நுட்பமானவை. 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றுதொட்டு, முஸ்லிம் அல்லாதார் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அன்று. இதை அறியாது ஊரறிய மணந்து, பிள்ளை பெற்று, கைவிடப்பட்ட பெண்ணுக்கு மனைவி என்ற தகுதியில் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளைக்குப் பராமரிப்புக் கோரலாம் என்பதை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டையானால் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாமே சிக்கலாகும். இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. பதிவு முதலில் முடிந்துவிடுகிறது. கோயில் திருமணத்திற்கு முன் இரு வீட்டாரும் முறித்துக்கொள்கின்றனர். 'கல்யாணமே ஆகவில்லை' என்கிறது ஊர். ஆகிவிட்டது என்கிறது சட்டம். தனி இன்னல் இருப்பதாக நீதிமன்றம் ஏற்றாலன்றி ஈராண்டு கழியாமல் மணவிலக்கு மனுவும் தொடுக்க இயலாது. இவ்விரண்டு உலகையும் அறிந்து, பெண்ணின் தாயிடம் அமர்ந்து, 'அம்மா, தாலி வேறு, பதிவு வேறு' என்று விளக்கக்கூடிய வழக்கறிஞர், அத்தோட்டத்திலேயே வளர்ந்த பெண்ணைத் தவிர வேறு யார்?

வேலையிழப்பையும் நோக்கலாம். தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு நேரும்போது, 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு இருபது நாள் ஊதியம் இழப்பீடாகும். இருபதாண்டு பால்மரம் வெட்டிய ஒருத்திக்கு அது நானூறு நாள் ஊதியம். கிராணி நீட்டும் தாளில் கைநாட்டு வைப்பதற்கு முன் இந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மாபெரும் சட்ட மேதை வேண்டியதில்லை. அருகில் ஒருவர் இருந்தாற் போதும்.

இங்கேதான் மூன்றாவது அறிவுரையின் தீமை வெளிப்படுகிறது. கோலாலம்பூருக்குப் போ என்கின்றனர். ஊதியம் அங்கே கூடுதல் என்பது உண்மை. அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் உயர்நீதிமன்றம் இருக்க, கூலிமிலும் பாலிங்கிலும் கீழ்நீதிமன்றங்கள் இருக்க, இங்கு வழக்கே இல்லை என்பது மட்டும் பொய். வழக்கு உண்டு, கட்டணம்தான் குறைவு. அந்தக் குறையை அந்தப் பெண்ணின் தியாகத்தால் மட்டுமே ஈடுகட்டச் சமுதாயம் எதிர்பார்ப்பதும் அறமாகாது. 1940-களில் பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை திரண்டபோதும், 1947-இல் காவல்துறையோடு மோதல் நேர்ந்து தொழிலாளர் பலர் சிறை புகுந்தபோதும், சட்டம் இம்மக்களின் வாழ்வில் எதிரணியிலிருந்தே வந்தது. அதைத் தம் அணிக்குக் கொணரும் வாய்ப்பு இப்போது வீட்டுக்குள்ளேயே வளர்ந்து நிற்க, அதைப் பேருந்து ஏற்றி வழியனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடுகின்றனர்.

ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்த இந்திரா காந்தி தம் மூன்று குழந்தைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றத்தை எதிர்த்து 2009-இல் தொடங்கிய போராட்டத்திற்கு, 2018 ஜனவரி 29-இல்தான் கூட்டரசு நீதிமன்றம் விடை தந்தது. இளம்பிள்ளையின் மதமாற்றத்திற்குப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்ற அத்தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி என்னும் பெண் நீதிபதி. கருவுற்றிருந்ததால் தற்காலிக ஆசிரியப் பணி மறுக்கப்பட்ட நூர்ஃபாடிலாவுக்கு 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிட்டியது. இருவரும் பாமரப் பின்னணியினரல்லர். எழுதப்படிக்க அறிந்த ஆசிரியைகள். அவர்களுக்கே இத்தனை ஆண்டும் இத்தனை அலைச்சலும் என்றால், லயத்துப் பெண்ணின் நிலை எத்தகையது?

சரி, ஊரிலேயே நின்று நீதிமன்றம் ஏறத் துணிந்த மாணவிக்கு எத்தகைய அறிவுரை பயன்படும்? 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டத்தில் அதன் விடையின் பாதி இருக்கிறது. பட்டத்திற்குப் பின் ஒன்பது மாதப் பயிற்சி. 'சேம்பரிங்' என்று எல்லாரும் அழைப்பது. ஏழாண்டுக்குக் குறையாது தொழில் நடத்திய ஒருவரிடமே அதைச் செய்யவேண்டும். மன்றத்தின் எழுத்துவழி அனுமதியின்றி வேறு வேலையும் பார்க்கக் கூடாது. ஒன்பது மாதத்தை வகுத்த சட்டம், அந்த ஒன்பது மாதமும் அவள் எதை உண்பாள் என்பதை வகுக்கவில்லை. உதவித்தொகை அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது காத்திருப்பு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதுவே தேர்வு. வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர் எழுதவேண்டிய, 1984 முதல் நடைபெறும் ஐந்து தாள் தேர்வைவிட இது கடினம் என்றாலும் மிகையாகாது.

ஆகவே பயிற்சி தரும் வழக்கறிஞரைத் தேடும்போது உறவினரா, தெரிந்தவரா, வீட்டுக்கு அருகிலா என்று பார்ப்பதை விட்டு, அவர் வாரத்தில் எத்தனை நாள் நீதிமன்றம் ஏறுகிறார் என்று பார்க்கவேண்டும். உதவித்தொகை எவ்வளவு என்பதை முதல் நாளே வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்பது அடக்கமின்மை அன்று. மூன்று மாதம் நிறைந்ததும் இடைக்கால அனுமதி பெற்று மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களில் தோன்ற வழியுண்டு. அந்த அனுமதியை வாங்கித் தராமல், தேநீர் வாங்கவும் நகலெடுக்கவும் மட்டுமே வைத்திருக்கும் அலுவலகத்தில் ஒன்பது மாதம் கழிப்பது வீண். அத்துமீறிப் பேசுவோர், தொடுவோர் எத்துறையிலும் உண்டு. பொறுத்துப்போ என்பதே வழக்கமான அறிவுரை. 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024-இல் இயங்கத் தொடங்கியது. அதை வாடிக்கையாளருக்கு எடுத்துரைக்கப் போகிறவள் தனக்காக நாட அஞ்சலாகாது. சம்பளத்துக்குப் பணிபுரியும் வழக்கறிஞருக்கும் 2023 ஜனவரி 1 முதல் 98 நாள் மகப்பேற்று விடுப்பு உரிமையுண்டு. 'கல்யாணமானால் வேலையை விடப்போகிறாய்தானே' என்று நேர்முகத்தில் கேட்போருக்கு அந்த எண்ணைச் சொன்னாற் போதும்.

இரவில் காவல் நிலையம் செல்ல நேருமே, ஆபத்தல்லவா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. அதற்கு விடை, பெண்ணை வீட்டில் நிறுத்துவதன்று. இளம் வழக்கறிஞர் இருவர் மூவராகச் சேர்ந்து அலுவலகம் அமைப்பதும், அண்ணனோ தம்பியோ வண்டி ஓட்டுவதுமாகும். தம்பியின் இரவு நேரப் பந்தாட்டத்திற்கு வண்டி கொடுக்கும் குடும்பங்களுக்கு இது இயலாத காரியமன்று.

தமிழாசிரியர்களின் பங்கு இதில் சிறிதன்று. மலாயையும் ஆங்கிலத்தையும் கற்றால்தான் சட்டம், தமிழ் வழியில் வந்தவர்க்கு அது எட்டாது என்று வகுப்பிலேயே கூறும் ஆசிரியர் உண்டு. எஸ்.பி.எம். மலாய்மொழியில் சிறப்புத் தேர்ச்சி கட்டாயம் என்பது மெய். தமிழ் சுமை என்பது பொய். 'கை நீட்டினார்' என்பதன் பொருள் அறிந்தவர் யார் என்ற கேள்வியே அதற்கு விடை. ஆறாம் ஆண்டு மாணவியிடம் 'நீ ஆசிரியையாகு' என்று மட்டும் சொல்லாமல், சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்திற்கு ஒரு நாள் அழைத்துச் செல்லலாம். திறந்த நீதிமன்றத்தில் பின்வரிசை இருக்கை எவருக்கும் உரியது.

சங்கங்களுக்கும் ஒன்று. பட்டம் பெற்ற பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு மண்டபம், ஒலிபெருக்கி, இருநூறு பேருக்கு விருந்து என்று செலவிடுகின்றனர். அந்தத் தொகையை ஒன்பதாகப் பிரித்து, பயிற்சிக்காலத்தில் மாதந்தோறும் அவளிடம் கொடுக்கட்டும். பொன்னாடை, அவள் முதல் வழக்கில் ஆணை பெற்றுத் திரும்பும் நாள்வரை காத்திருக்கட்டும்.