366 கடைகளுக்கு எத்தனை வரிசை?

பட்டினப்பாக்கத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே, கடலை ஒட்டிப் போகிறது லூப் ரோடு. அங்கே நொச்சிக்குப்பத்தில், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. மொத்தம் 366 கடைகள்.

வீட்டில் உள்ள பிள்ளைகளை அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள். "எல்லா வரிசையிலும் ஒரே அளவு கடை வேண்டும். ஒரு கடைகூட மிச்சம் நிற்கக் கூடாது. எத்தனை வரிசை போடலாம்?"

2 வரிசை போட்டால் வரிசைக்கு 183 கடை. 3 போட்டால் 122. 6 போட்டால் 61. நாலு போட்டால் இரண்டு கடை மிஞ்சிவிடும். ஐந்து போட்டால் ஒன்று மிஞ்சும். இப்படி மிச்சம் இல்லாமல் வகுக்கும் எண்களுக்குத்தான் 'காரணிகள்' என்று பெயர். 366-க்கு 1, 2, 3, 6, 61, 122, 183, 366 என்று எட்டே காரணிகள். ஆறு கடை குறைந்து 360 ஆகியிருந்தால் 24 காரணிகள்!

மடங்கு என்பது மறுபக்கம். 6, 12, 18, 24 என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முடிவே கிடையாது.

சரி, ஒரு கடை கூடி 367 ஆகியிருந்தால்?

2 வகுக்காது. 3, 5 வகுக்காது. 7-ல் வகுத்தால் மிச்சம் 3. 11-ல் 4. 13-ல் 3. 17-ல் 10. 19-ல் 6. இத்தோடு நிறுத்திவிடலாம். ஏன் தெரியுமா? இருபதை இருபதால் பெருக்கினால் 400. அது 367-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 367 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்று இருபதுக்குள் இருந்தே தீரவேண்டும். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. 367 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் அது மசியாது.

பெரியவர்களுக்குப் பழைய ரூபாய் நினைவு இருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஆக 192 தம்படி. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு 5 அணா 4 தம்படி. சண்டை இல்லை! 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 பைசா. மூன்று பேருக்கு 33, 33, 33 போக ஒரு பைசா நடுவில் கிடந்தது. 192-க்கு 14 காரணிகள், நூறுக்கு 9 தான். கணக்கு எழுத நூறு சுலபம். பங்கு போடப் பழையதே மேல்.

சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-ல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 2, 4, 6, 12, 24 என்று தொடங்கும் அந்தப் பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10,080 காரணிகள்! இடையில் 293318625600 என்ற ஒரே எண் விடுபட்டுப் போனது. மேதைக்கும் ஒன்று தப்பும்.

2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு இளைஞர்களும், எவ்வளவு பெரிய எண்ணானாலும் பகா எண்தானா என்று ஐயமில்லாமல் விரைவில் சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "என் மகளுக்குக் கணக்கு வராது" என்று பெற்ற தாயே சொல்லுகிறாள். அந்தத் தாய் யார்? 42 மீனை ஏழு கூறாகப் போட்டு, கூறுக்கு ஆறு என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வைப்பவள்! அவள் மகளுக்கா கணக்கு வராது?

பள்ளிக்கூடத்தில் விதியை முதலில் சொல்லி, மனப்பாடம் செய் என்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அது பறந்துவிடுகிறது. விதியைச் சொல்லுமுன் ஒரு வாரம், ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்து வரிசை அடுக்கச் சொல்லட்டும். ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இதற்குச் செலவு காலணாகூட ஆகாது.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு வேலை: 391 பகா எண்ணா? 19 வரை வகுத்துப் பாருங்கள்.