மீட்டர் கணக்கில் தோற்கும் இழை

ஆப்டிகல் ஃபைபர் என்றதும் கண்ணாடி இழைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். படிகத்திலும் இழை வளர்க்கலாம். 1980களிலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபைகல்சன், பையர், ஃபெயர் போன்றவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். ஆனாலும் அதன்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: வளர நேரமாகிறது, விலை கட்டுப்படியாகாது.

நேரமாவது உண்மைதான். யாக் என்ற படிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் (இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்தது). படிகக் குச்சியின் நுனியைக் கார்பன் டை ஆக்சைடு லேசரால் சூடாக்கினால் ஒரு துளி உருகி நிற்கும். அதில் விதைப் படிகத்தைத் தொட்டு மெதுவாக மேலே இழுத்தால், உருகியது இறுகி இழையாக வளரும். உருக்கும் பாத்திரமே கிடையாது, அதனால் பாத்திரத்தின் அழுக்கும் கலக்காது. வேகம்? நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர் வளர 100 நிமிடம். அதே நேரத்தில், விநாடிக்கு 10 மீட்டர் இழுக்கும் கண்ணாடி இழை ஆலை 60 கிலோமீட்டர் இழுத்து முடித்திருக்கும்!

இதைக் காட்டிப் படிக இழையை ஒதுக்குவது தப்புக்கணக்கு. கேபிள் நீளத்துக்கு விற்கிற சரக்கு. படிக இழையோ லேசருக்குள்ளும் கருவிக்குள்ளும் உட்காரும் பாகம், அதற்குச் சில சென்டிமீட்டரே போதும். தங்கத்தை யாராவது மூட்டைக் கணக்கில் விலை கேட்பார்களா?

அந்தச் சில சென்டிமீட்டர் என்ன தரும் என்பதற்குத் தைவானில் ஹுவாங் ஷெங்-லுங் குழுவினர் செய்த வேலை நல்ல உதாரணம். குரோமியம் கலந்த யாக் இழைக்குக் கண்ணாடி உறை போட்டார்கள். இந்தப் படிகம் சுமார் 1200 முதல் 1600 நானோமீட்டர் வரை ஒளி உமிழும். இன்றைய தொலைத்தொடர்பின் வழக்கமான எர்பியம் பெருக்கி கையாள்வது 1530 முதல் 1565 வரைதான். பட்டை அகலமாக அகலமாக, விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி போன்ற கருவிகளில் இன்னும் மெல்லிய அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

உண்மையான தலைவலி வேகத்தில் இல்லை, உறையில் இருக்கிறது. உறையில்லாத படிகத்தின் மேற்பரப்பில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் ஒளி சிதறிப்போகும். அதனால் சிலிக்கா குழாய்க்குள் நுழைத்து மறுபடி சூடாக்குகிறார்கள். யாக் உருக 1900 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும், சிலிக்கா அதற்கு முன்பே இளகிவிடும். இந்த இடைவெளிதான் பிழைப்பு. சூடு கொஞ்சம் கூடினால் படிகம் கண்ணாடியில் கரைந்து, அதுவும் கண்ணாடியாகிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் மீட்டருக்கு என்ன விலை என்று கேட்பதை விட்டு, உறை போட்டபிறகு சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஒளி வீணாகிறது என்று கேட்கட்டும்.