கடுக்காய்க்கும் அவுரிக்கும் யார் விலை வைப்பது?

 

‘இயற்கைச் சாயம்’ என்று சீட்டு ஒட்டிய துணிக்குப் பட்டணத்தில் தனி மவுசு, தனி விலை. அந்தச் சாயத்துக்குச் சரக்கு எங்கிருந்து போகுது? நம்ம மாதிரி மலையிலிருந்தும் மானாவாரிக் காட்டிலிருந்தும்தான்.

கடுக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கும் தோல் பதனிடவும் மட்டும்தான் போகுது என்று பலர் நினைக்கிறோம். அதன் துவர்ப்புதான் பருத்தி நூலில் சாயத்தைப் பிடித்து வைக்கிறது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய நூலுக்குப் படிகாரம் சேர்த்தால் மஞ்சள், இரும்பு சேர்த்தால் கருப்பு. இத்தனை வேலை செய்கிற காயைக் குடும்பத்தோடு காட்டில் பொறுக்கிக் காய வைத்தால், வியாபாரி சொன்னதுதான் விலை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் மலைமக்களுக்கு உரிமை கொடுத்திருக்கு. மத்திய அரசு 2013-14-ல் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் கொண்டுவந்தபோது முதல் பட்டியலிலேயே கடுக்காய் இருந்தது. காகிதத்தில் இருக்கு, மலையில் வாங்க ஆள் வேண்டாமா?

அடுத்தது அவுரி. (திருநெல்வேலிப் பக்கம் அவுரி என்பது பேதி மருந்துச் செடி, அது வேறு.) நம்ம பழைய தென்னாற்காடு நீலச் சாயத்துக்குப் பேர்போன ஜில்லா. 1897-ல் ஜெர்மனிக் கம்பெனி பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்த பிறகு அந்த வெள்ளாமை படுத்துவிட்டது. இப்போது திண்டிவனம், செஞ்சி பக்கம் மறுபடி போடுறாங்க. தண்ணீர் அதிகம் கேட்காது, மூன்று மாதத்தில் வெட்டு, வேர் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், சாயம் இறக்கிய இலைச் சக்கையும் எரு. ஆனால் ஒரு கிலோ நீலக்கட்டிக்கு நூறு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். கிலோவுக்கு எட்டணா குறைத்தாலும் அடி நமக்குத்தான். எங்கள் பக்கம் ஒரு ஏஜெண்டு விதை கொடுத்தான், முதல் வெட்டை எடுத்தான், இரண்டாம் வெட்டுக்கு ஆளையே காணோம். எழுத்தில் ஒரு வரி இல்லை, யாரைப் போய்க் கேட்பது?

திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு இது மாற்று என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு துணிக்கு இலையும் காயும் கிடைக்காது. ஆனால் ரசாயனச் சாயத்துக்கு நொய்யல் விவசாயி கொடுத்த விலை நமக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டி ஆனது. 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அந்த விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். மண்ணைக் கெடுக்காத சாயத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்றால், அதில் பங்கு மண்ணுக்காரனுக்கும் வரணும்.

வெள்ளிமலையில் கடுக்காய் நேரடிக் கொள்முதல் வேண்டும். அவுரிக்கு விதைக்கும் முன்பே விலை எழுதிய ஒப்பந்தம், எத்தனை வெட்டு என்பதோடு, வேளாண்துறை சாட்சியாக வேண்டும். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் விற்ற சீட்டை எடுத்து வாருங்கள். வியாபாரி சீட்டே கொடுக்கவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.