நாம் இங்கே வாழ்கிறோம்: ஆங்கிலத்திலும் எழுதுவோம்

இறம்பொடையில் லயத்துக் கூரை ஒழுகுவதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் ஆள் தேடுகிறோம். இந்த நிலை மாற, முதலில் சாதாரண நிகழ்காலத்தைப் படிப்போம்.

தமிழில் "கூரை ஒழுகுகிறது" என்பது இந்த நேரத்துக்கும் பொருந்தும், மழைக்கு மழை ஒழுகுவதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. "த ரூஃப் இஸ் லீக்கிங்" என்றால் இப்போது ஒழுகுகிறது. "த ரூஃப் லீக்ஸ்" என்றால் எப்போதும் ஒழுகும் கூரை. நமது முறைப்பாடு இரண்டாவதுதான்.

படிப்பதும் கடினமல்ல. பறிக்கிறேன், பறிக்கிறாள், பறிக்கிறோம் எனத் தமிழில் ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆங்கிலத்தில் "ஐ பிளக்", "வீ பிளக்", "தே பிளக்". அவன், அவள், அது என்று வந்தால் மட்டும் கடைசியில் ஒரு "ஸ்": "ஷீ பிளக்ஸ்".

"வீ ஆர் லிவிங் ஹியர்" என்றால் தற்காலிகமாக இருக்கிறோம் என்ற பொருள் வரும். 1948 குடியுரிமைச் சட்டம் நம்மை அப்படித்தான் நடத்தியது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது. ஆகவே நாம் எழுத வேண்டியது "வீ லிவ் ஹியர்": இங்கேயே நிலையாக வாழ்கிறோம்.

மாலையில் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியைத் திறக்கும்போது பெற்றோரும் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த முறைப்பாட்டுக் கடிதத்தை நாமே எழுதுவோம்.